அனுமதி கேட்காத செயலியும் உங்களை வேவு பார்க்கும்

"நான் எந்த அனுமதியும் கொடுக்கவில்லையே, தம்பி!" கைப்பேசியில் ஏதோ கோளாறு என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அண்மையில் வந்த பெரியவரும் அதையே சொன்னார். அவருடைய ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குக் கடைசியாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஏறியது 2021இல். புதுப்பித்தால் வேகம் குறையும் என்று சொல்லிக் கடைக்காரர் ஒருவர் அதை நிறுத்தி வைத்தாராம். சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான மின்னடையாளச் செயலி சிங்பாஸ், வங்கிச் செயலி, பணம் அனுப்பும் பேநவ் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இப்படிப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

அனுமதிப் பெட்டியில் 'வேண்டாம்' என்று அழுத்தினால் போதும் என்ற நம்பிக்கைதான் எனக்குப் பெரிய தலைவலி. நீங்கள் சொன்ன 'வேண்டாம்' செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்வது கெர்னல் என்னும் அடித்தள மென்பொருள். கெர்னலிலேயே ஓட்டை விழுந்தால், அதன் வழியே நுழையும் செயலி யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. அனுமதிப் பட்டியலைத் திறந்து பாருங்கள், எல்லாம் மறுக்கப்பட்டதாகவே காட்டும். கேமராவும் கோப்புகளும் மட்டும் வேறொருவர் வசம் போயிருக்கும். அனுமதிகளைக் கவனிப்பது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் அது இயங்குதளம் ஒழுங்காக இருக்கும்வரைதான் உதவும்.

இது கற்பனை என்று நினைப்பவர்களுக்கு ஓர் உதாரணம். செயலிகள் தங்களுக்குள் தகவல் பரிமாற ஆண்ட்ராய்டின் கெர்னலில் பைண்டர் என்ற பகுதி உண்டு. விடுவித்துவிட்ட நினைவகத்தை அது மறுபடியும் பயன்படுத்தும் பிழை ஒன்று இருந்தது. வீட்டைக் காலி செய்தவரின் பழைய சாவி, புதிதாகக் குடிவந்தவர் வீட்டையும் திறப்பது போன்ற பிழை. பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகலின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த மேடி ஸ்டோன் 2019 அக்டோபரில் அதை வெளிப்படுத்தினார். பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2019-2215. ஆண்ட்ராய்டுக்கு அடிப்படையான லினக்ஸ் கெர்னலில் 2018 தொடக்கத்திற்குள்ளேயே அதற்குத் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் கூகலின் சொந்தத் தயாரிப்பான பிக்சல் 2க்குக்கூட அது போய்ச் சேர 2019 அக்டோபர் ஆனது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

"பிளே ஸ்டோரிலிருந்து மட்டும்தான் இறக்குகிறேன்" என்பார்கள் அடுத்து. அந்தப் பிழையைப் பயன்படுத்திய கேமரோ என்ற புகைப்படச் செயலி பிளே ஸ்டோரிலேயே இருந்ததை 2020 ஜனவரியில் டிரெண்ட் மைக்ரோ என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்தியது. சில மாடல்களில் அது கைப்பேசியை முழுதாக ஆளும் ரூட் அதிகாரத்தைப் பிடித்து, கால்கேம் என்ற இன்னொரு செயலியை நிறுவி, அதற்கு வேண்டிய அனுமதியையும் தானே வழங்கிக்கொண்டது. உரிமையாளர் எதையும் தொடவில்லை. கால்கேம் தன் சின்னத்தை மறைத்துக்கொண்டு, இருப்பிடத்தையும் கோப்புகளையும் ஜிமெயில், குரோம் தரவுகளையும் திரட்டியது.

புதிய நிரல்களை, பைண்டரில் வந்தது போன்ற நினைவகப் பிழைகளைத் தடுக்கும் ரஸ்ட் என்ற நிரல் மொழியில் எழுதத் தொடங்கியபின், ஆண்ட்ராய்டு பாதிப்புகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019இல் 76 விழுக்காட்டிலிருந்து 2024இல் 24க்கு இறங்கியிருக்கிறது. எங்கள் துறைக்கு இது பெரிய ஆறுதல். புதுப்பிக்காத கைப்பேசிக்கு அதில் பங்கில்லை.

அமைப்புகளுக்குள் போய்ப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியை இப்போதே பாருங்கள். ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். பதிவிறக்கியபின் மறுதொடக்கம் கேட்டால் 'பிறகு' என்று தள்ளாதீர்கள். அதுவரை பழைய ஓட்டை அப்படியேதான் இருக்கும். தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்டாரா? சிங்பாஸையும் வங்கியையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நேரடியாக நிறுவும் கோப்பை, யார் அனுப்பினாலும் நிறுவவே கூடாது. சேமிப்பில் அன்றாடச் செலவுக்கு வேண்டாத தொகையை வங்கியின் பணப்பூட்டு வசதியில் போட்டு வையுங்கள். கைப்பேசியே களவாடப்பட்டாலும் அந்தப் பணத்தை இணையம் வழியாக மாற்ற முடியாது.

சிராங்கூன் சாலையில் பழைய கைப்பேசி வாங்கும் ஊழியர் தம்பிகளே, விலை பேசுவதற்கு முன் அந்த மாடலுக்கு இன்னும் எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்று கேளுங்கள். பிள்ளைகளே, இந்த வாரக் கடைசியில் அப்பா அம்மா கைப்பேசியை வாங்கி அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள். திரை தானாக நகர்ந்தால் கைப்பேசியை அணைத்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து முதலில் வங்கியை அழையுங்கள். மோசடியா என்ற சந்தேகத்துக்கு 1799 என்ற உதவித் தொலைபேசி எண் இருக்கிறது.