மாடரேட்டர் – மட்டுறுத்துநர்

"மட்டு மரியாதை இல்லாமல் பேசாதே" என்று அதட்டுகிறோமே, அந்த மட்டுதான் இச்சொல்லின் வேர். மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டுறு என்பது அளவுக்குள் அடங்குதல். மட்டுறுத்து என்பது அடங்கச் செய்தல். வலியுறுத்து, அறிவுறுத்து போன்ற சொற்களின் அமைப்பே இதற்கும்.

ஆங்கில மாடரேட்டர், 'மோடஸ்' என்னும் லத்தீன் சொல்வழி வந்தது. அதற்கும் பொருள் அளவுதான். (ஒலி ஒத்திருக்கிறதே என்று இரண்டையும் உறவாக்கிவிட வேண்டாம்.) இணையக் குழுவைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்ளும் தன்னார்வலருக்கு மட்டுறுத்துநர் என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. கண்காணிப்பாளர் என்றால் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. நெறியாளர் மேடையில் அமர்ந்து விவாதத்தை நடத்துபவர். நிர்வாகி என்பது அட்மினுக்குச் சரி; யாருக்கு எந்த உரிமை, யாரைச் சேர்ப்பது என்பது அவர் பாடு.

அணு உலையிலும் ஒரு மாடரேட்டர் உண்டு. பாடநூல்கள் தணிப்பான் என்கின்றன. கிராஃபைட், கனநீர் போன்ற பொருள்கள் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும், விழுங்குவதில்லை. விழுங்குவது கட்டுப்பாட்டுத் தண்டுகளின் வேலை. குழுவிலும் முதல் வேலை வேகத்தைக் குறைப்பதே. டெலிகிராமில் ஸ்லோ மோடை (ஒருவர் ஒரு செய்தி அனுப்பியபின் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டிய இடைவெளி) சில நொடியிலிருந்து 1 மணி நேரம் வரை வைக்கலாம். வாக்குவாதம் சூடேறும்போது 5 நிமிடம் வைத்துப் பாருங்கள்: அடுக்கடுக்காக ஆறு வரி தட்டிக்கொண்டிருந்தவர், அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கத் தொடங்குவார். அதற்கும் அடங்காவிட்டால், மீறிய விதியைச் சுட்டித் தனிச்செய்தி. பிறகு 24 மணி நேர வாய்ப்பூட்டு. வெளியேற்றுவது கடைசியில்தான். மிரட்டல், மோசடி இணைப்பு, பிறர் தொலைபேசி எண்ணையோ முகவரியையோ அம்பலப்படுத்துதல் ஆகியவற்றுக்கு இந்தப் படிவரிசை பொருந்தாது. திரைப்பிடிப்பு எடுத்துவைத்துக்கொண்டு உடனே நீக்க வேண்டும்.

பெரும்பாலோர் சறுக்குவது, தானே வாதாடிக்கொண்டிருந்த இழையில் எதிராளியின் பதிவைத் தானே நீக்கும்போது. விதிப்படி சரியான நீக்கமாகவே இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அதை இன்னொரு மட்டுறுத்துநரிடம் விட்டுவிட வேண்டும். மூன்று பேராவது இருந்தால்தான் இது நடக்கும். இருவரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அடுத்த சிக்கல் பதிவேடு. டெலிகிராமின் அண்மைச் செயல்கள் பட்டியல் 48 மணி நேரமே நிற்கும். மூன்றாம் நாள் "என்னை ஏன் முடக்கினீர்கள்?" என்று கேட்டு வருபவருக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. தேதி, பயனர் பெயர், "விதி 4, 24 மணி நேரம்", முடிவெடுத்தவர் என ஒரே ஒரு வரியைத் தனித்தாளில் குறித்து வைத்தால் போதும்.

எழுத்து பற்றி: மட்டுறுத்துனர் என்று எழுதுவோர் பலர். இயக்குநர், ஓட்டுநர் போல வினையோடு 'நர்' சேர்வதால் தந்நகரமே சரி. செயலின் பெயர் மட்டுறுத்தல். ஒப்புதலுக்காக நிற்கும் பதிவை 'மட்டுறுத்தலில் உள்ளது' எனலாம்.