'பெக்யூலியர்' என்ற சொல்லின் வேர்

"அவர் கொஞ்சம் பெக்யூலியரான ஆள்" என்றால், வழக்கத்துக்கு மாறானவர் என்று புரிந்துகொள்கிறோம். இந்த ஆங்கிலச் சொல்லின் வேரோ மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது.

லத்தீனில் 'பெக்கூஸ்' என்றால் கால்நடை. கால்நடையே சொத்தாக இருந்த காலம் அது. பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' அதிலிருந்து வந்தது. 'பெக்கூலியும்' என்ற சொல்லும் அப்படித்தான். ரோமானியச் சட்டத்தில் அடிமைக்குச் சொத்துரிமை கிடையாது. தந்தையின் அதிகாரத்துக்கு உட்பட்ட மகனுக்கும் கிடையாது. ஆனால் ஒரு சிறு பங்கை, நீயே வைத்துப் பார்த்துக்கொள் என்று அவர்கள் கையில் விடுவதுண்டு. அதுதான் பெக்கூலியும். சட்டப்படி எஜமானுடையது, நடைமுறையில் அடிமையுடையது. அதைப் பெருக்கி, அதையே கொடுத்து விடுதலை வாங்கியவர்களும் உண்டு. சொந்தம் என்று எதுவுமே இல்லாத மனிதனின் அந்தச் சிறு சேமிப்பிலிருந்துதான் 'பெக்கூலியாரிஸ்' பிறந்தது. தனக்கே உரிய என்று பொருள்.

ஆங்கிலத்திலும் முதலில் இதே பொருள்தான். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிள், இறைவனின் மக்களை 'பெக்யூலியர்' மக்கள் என்கிறது. விசித்திரமானவர்கள் என்று அங்கே படித்தால் அர்த்தமே கெட்டுவிடும். தமிழ் பைபிளில் 'அவருக்குச் சொந்தமான ஜனம்' என்று சரியாக இருக்கிறது. ஒருவரிடம் மட்டும் இருப்பது மற்றவர் கண்ணுக்குப் புதிராகத் தெரியும் அல்லவா? அப்படித்தான் இன்றைய பொருள் ஒட்டிக்கொண்டது.

இன்னும் பின்னால் போனால், சமஸ்கிருதத்தின் 'பசு'வும் இதே வேர்தான்; லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான இந்தோ-ஐரோப்பிய மூதாதை மொழியின் வேர் அது. ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் முதல் ஒலி 'ஃப' ஆனது. 'ஃபெல்லோ' என்ற சொல்லின் முன்பாதி அதுவே; பொதுத் தொழிலில் சொத்தைப் போட்ட கூட்டாளி என்பது அதன் பழம்பொருள்.

தமிழிலும் 'மாடு' என்றால் செல்வம். "மாடல்ல மற்றை யவை" என்கிறது 400ஆம் குறள். இதற்கும் லத்தீனுக்கும் உறவு இல்லை. மந்தை வைத்து வாழ்ந்த இரண்டு சமூகங்கள் தனித்தனியே ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன, அவ்வளவுதான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஒரே சொல்லைத் தேட வேண்டாம். ஓரிடத்துக்கோ ஒருவருக்கோ மட்டும் சொந்தமானது என்றால் 'உரிய' போதும்: வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. புதிரானது என்றால் 'விந்தையான', 'வழக்கத்துக்கு மாறான'. பேச்சில் 'ஒரு மாதிரியான' என்போமே, அதன் தொனி ஆங்கிலச் சொல்லுக்கு மிக நெருக்கம். மருந்தின் வாசனையை "ஒரு மாதிரியா இருக்கு" என்று தாராளமாகச் சொல்லலாம். ஆளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும், அதில் வசை கலந்துவிடும்.