போகும்போது இரண்டரை, வரும்போது ஐந்தரை

பாறசாலையில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தையின் மகனுக்குத் துபாயில் வேலை. அவனைத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று அத்தை டிக்கெட் நகலை என்னிடம் நீட்டினார். "ஏன் மக்களே, காலையில நாலரைக்கு ஏறினா ஏழு மணிக்கு எறங்கலாம்னு போட்டிருக்கு. திரும்பி வரும்போ மட்டும் அஞ்சரை மணிக்கூர் காட்டுது. வழி ஒண்ணுதானே?"

வழி ஒன்றுதான். ஆனால் டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நம்முடைய நேரம், ஆந்திரத்தில் காக்கிநாடா பக்கமாகப் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகைக் கோட்டை வைத்துக் கணக்கிடுவது. துபாயின் நேரம் 60 பாகைக் கோட்டுக்கு உரியது. நடுவே 22.5 பாகை, அதாவது ஒன்றரை மணி நேரம். இரண்டரையோடு அதைக் கூட்டுங்கள், ஐந்தரையிலிருந்து கழியுங்கள்; இரண்டு பக்கமும் நாலு மணி நேரம்தான்.

சரி, அந்த நாலு எப்படி வருகிறது? இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே மிகக் குறுகிய தூரம் சுமார் 2,950 கி.மீ. உயரே போன பிறகு ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 850 கி.மீ. வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மெதுவாக மேலேறுவது, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்து மீதி அரை மணியை எடுத்துக்கொள்ளும்.

குறுகிய தூரத்தைத் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. உலக உருண்டை ஒன்றை எடுத்து, கொச்சிக்கும் லண்டனுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். ஸ்கேல் கோடு கத்தார், பஹ்ரைன் பக்கம் போகும். நூலோ ஈரானின் வடக்கே ஏறி, கருங்கடலைத் தொட்டுப் போகும். அந்தத் தூரம் சுமார் 8,200 கி.மீ. உண்மையில் விமானம் இதைவிடக் கூடுதலாகவே பறக்கிறது. நூல் தொடும் உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது காற்றுதான். மேற்கே போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று, கிழக்கே வருவதற்குப் பின்காற்று என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. பனிக்காலத்தில் அரேபியாவுக்கும் வட இந்தியாவுக்கும் மேலே அது சரிதான். தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் நம் தலைக்கு மேலே கதை மாறிவிடும். தரையில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று மழையை அடித்துக்கொண்டு வரும்போது, 14, 15 கி.மீ. உயரத்தில் கொண்டல், அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்று, மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் மேற்கு நோக்கி ஓடுகிறது. இந்தக் கீழைக் காற்றோட்டத்தைப் பற்றி 1958-ல் விரிவாக எழுதியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோடேஸ்வரம். விமானங்கள் பறப்பது அதற்குக் கீழே, 10 முதல் 12 கி.மீ. உயரத்தில். அங்கேயும் அதன் தள்ளல் உண்டு.

துபாய்க்குப் போகும் வழி நெடுக மணிக்கு 60 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்து தள்ளினால் பறக்கும் நேரம் மூன்றேகால் மணி, எதிரே நின்றால் மூன்றே முக்கால். தூரம் ஒரு முழம்கூட மாறாமலே அரை மணி வித்தியாசம்!

அத்தையின் மகன் லீவுக்கு வருவது ஆடியில். வரும்போது கொண்டல் எதிரே நிற்கும், பத்திருபது நிமிடம் கூடினாலும் பதற வேண்டாம் என்று அத்தையிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.