டிரில்லியம் வாங்குமுன் அது எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் தோட்டம் அமைக்கும் தொழிலில் இருப்பதால், மே மாதம் வந்தாலே என்னிடம் பலர் கேட்பது இதுதான்: பின்பக்கம் முழுக்க மர நிழல், புல் பிடிக்கவே இல்லை, வெள்ளை டிரில்லியம் என்ற காட்டுப் பூச்செடியை வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். 1937 முதல் இந்த மாகாணத்தின் மலர் அது, சுகர் மேப்பிள் காடுகளில் தானாக வளர்வது. ஆனால் விற்பனைக்கு வரும் செடி எங்கிருந்து வந்தது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் கவலை.

விதையிலிருந்து முதல் பூ வர 7 முதல் 10 ஆண்டுகள் ஆகலாம். முதல் குளிர்காலம் கழிந்ததும் வேர் மட்டும் விடும், இரண்டாவது குளிர்காலத்துக்குப் பிறகுதான் மண்ணுக்கு மேலே இலை தெரியும், அப்புறமும் பல வருடம் பூவே இல்லாமல் கிழங்கைப் பெருக்கிக்கொண்டிருக்கும். இத்தனை காலம் ஒரு நர்சரி பார்த்துப் பார்த்து வளர்த்த செடி மலிவாகக் கிடைக்காது. பூக்கும் பருவத்துக் கிழங்குகள் கொத்தாகக் குறைந்த விலைக்கு வந்தால், காட்டில் தோண்டியவையோ என்று சந்தேகப்படுங்கள். தோண்டியதை ஒரு பருவம் தொட்டியில் வைத்து, நர்சரியில் வளர்ந்தது என்று விற்பதும் உண்டு. விதையிலிருந்து நீங்களே வளர்த்ததா என்று நேராகக் கேளுங்கள், பதில் சுற்றி வளைத்து வந்தால் வாங்காதீர்கள். டிரில்லியம் விதையைப் பெரும்பாலும் எறும்புதான் சுமக்கிறது, அதுவும் சில மீட்டர் தூரத்துக்கு. ஓர் இடத்தில் மொத்தமாகத் தோண்டிவிட்டால் அங்கே மறுபடி நிரம்பப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

நடுவது சுலபம். இலையுதிர் காலத்தில், நீர் தேங்காத, இலைமட்கு நிறைந்த மண்ணில், 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் கிழங்கை வையுங்கள். உதிர்ந்த இலைகளை வாரிப் பையில் கட்டாமல் அங்கேயே விடுங்கள். எறும்பு மருந்தும் வேண்டாம். மரம் துளிர்க்கும் முன் தரையில் விழும் வசந்த வெயிலை வைத்துத்தான் இது பிழைக்கிறது, ஆகவே ஆண்டு முழுக்க இருட்டாக இருக்கும் ஊசியிலை மரங்களின் அடியிலும், வேர்கள் மேலேயே பின்னிக் கிடக்கும் நார்வே மேப்பிள் அடியிலும் வேண்டாம். கோடையில் இலை மஞ்சளாகி மறைந்துவிடும், செத்துவிட்டதென்று தோண்டிவிடாதீர்கள், பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

பூவைத் தண்டோடு பறித்தால் அதன் கீழே உள்ள மூன்று இலைகளும் சேர்ந்தே போய்விடும், அந்த வருடம் வேறு இலை வராது, கிழங்கு பட்டினி கிடக்கும், சில செடிகள் அதிலிருந்து மீள்வதே இல்லை. படம் எடுத்துக்கொள்ளுங்கள், பறிக்காதீர்கள்.