வீட்டுக் காப்பீட்டு க்ளெய்மில் அநியாயம் நடக்கிறதா? எங்கே பார்க்க வேண்டும், யாரிடம் போக வேண்டும்

வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்த காப்பீடு பலரிடம் இருக்கிறது. ஆனால் கையில் இருப்பது பெரும்பாலும் தொகையும் தேதியும் அச்சிட்ட ஓரிரு பக்க அட்டவணைதான். எந்த விதிப்படி பணத்தைக் கழிக்கிறார்கள் என்று தெரியாதவரிடம் எதையும் கழித்துவிட முடியும். அதனால் முதல் வேலை, பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு முழு விதிமுறையையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குவது.

அட்டவணையில் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்று இருக்கிறதா பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்து, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலையான வீட்டுப் பாலிசி இது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, தண்ணீர்த் தொட்டி உடைவது எல்லாம் இதில் அடக்கம். எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான்.

இந்தப் பாலிசிக்காரர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது 'குறைக் காப்பீடு' கழிவு. திரும்பக் கட்ட 40 லட்சம் ரூபாய் ஆகும் வீட்டை 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறீர்கள், வெள்ளத்தில் சேதம் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறைப்படி, பாதி மதிப்புக்குத்தானே எடுத்தீர்கள் என்று 2 லட்சம்தான் தருவார்கள். பாரத் கிரஹ ரக்ஷாவில் இந்தக் கழிவு முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டது. காப்பீட்டுத் தொகைக்கு உட்பட்ட சேதமாக இருந்தால் 4 லட்சமும் கணக்கில் வர வேண்டும். மதிப்பீட்டுத் தாளில் 'விகிதாசாரக் கழிவு', 'ஆவரேஜ்' என்று ஒரு வரி தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

தேய்மானக் கழிவும் இப்படித்தான். கட்டிடத்துக்கான காப்பீட்டுத் தொகையே திரும்பக் கட்டும் செலவை வைத்துப் போடப்பட்டது. வீட்டுக்குப் பதினைந்து வயது என்பதற்காகச் சுவர்ச் செலவில் கை வைத்தால் அதற்கு விதி காட்டச் சொல்லுங்கள். இன்னொரு பக்கம், கேட்காவிட்டால் விட்டுப்போகும் தொகைகளும் உண்டு. இடிபாடுகளை அகற்றும் செலவு க்ளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரையும், பொறியாளர், கட்டிடக் கலைஞர் கட்டணம் 5 சதவீதம் வரையும் சேர வேண்டியவை. கட்டிடத்தோடு வீட்டுப் பொருட்களுக்கும் சேர்த்து எடுத்திருந்தால், பட்டியல் எதுவும் கொடுக்காமலே கட்டிடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை பொருட்களுக்குக் காப்பு உண்டு.

காலக்கெடுவுக்கு வருவோம். 2024-ல் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைகளின்படி, க்ளெய்ம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள், சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடும் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாட்களில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையை வாங்குவது நிறுவனத்தின் பொறுப்பு. "சர்வேயர் இன்னும் தரவில்லை" என்பது உங்களிடம் சொல்லக்கூடிய காரணமே அல்ல. ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்றும் அதே ஆண்டின் விதி சொல்கிறது. வாரம் ஒரு புதுக் காகிதம் கேட்டு இழுத்தடித்தால், தேவையான அனைத்தையும் ஒரே பட்டியலாகத் தரும்படி மின்னஞ்சல் போடுங்கள். தொலைபேசியில் பேசியது கணக்கில் வராது.

சர்வேயர் வரும்போது வீட்டில் இருங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளவு நாடாவோடு படம் எடுத்து வையுங்கள். "இது வெள்ளமில்லை, பழைய நீர்க்கசிவு" என்ற நிராகரிப்புக்கு அந்தப் படமும், அன்றைய மழையளவு குறித்த வானிலை மையத் தரவும் நல்ல பதில். நாசமான ஃபிரிட்ஜையும் மெத்தையையும் அவர் பார்க்கும் முன் வெளியே போடாதீர்கள். பில் இல்லாவிட்டால் வரிசை எண்ணின் படம், வாங்கிய வங்கிப் பதிவு, சர்வீஸ் அட்டை ஆகியவற்றைக் கொடுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அது இறுதித் தீர்ப்பு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லியிருக்கிறது. தனக்குச் சாதகமான அறிக்கை கிடைக்கும்வரை நிறுவனம் சர்வேயரை மாற்றிக்கொண்டே போவதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

"முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்ற ரசீதில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்பார்கள். அவசரத்தில் போட்டுவிட்டவர்களும் கைவிட வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்து கூடுதல் தொகை கேட்கும் உரிமையைப் பறிக்காது என்று 2015 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுவது பாதுகாப்பு. நிராகரித்தால் எந்த விதிப்படி என்ற காரணத்துடன் கடிதம் வாங்குங்கள். அதில் சொல்லாத புதுக் காரணத்தைப் பிறகு வழக்கில் கிளப்ப நிறுவனத்துக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உள்ளன.

எல்லாக் கழிவும் அநியாயம் அல்ல. நிலத்தின் விலை கிடைக்காது. நகைக்குத் தனியாகக் காப்பு எடுத்திருக்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் கட்டிடத்துக்கான தொகை வங்கிக்கே போகக்கூடும். இவற்றில் சண்டை போட்டு நேரத்தை இழக்க வேண்டாம்.

புகாரை முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 'பீமா பரோசா' புகார் இணையதளத்திலும் 155255 என்ற எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை, 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. நிறுவனத்தின் நிராகரிப்பு வந்த ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், 30 நாட்களில் அதை நிறைவேற்ற வேண்டும். உங்களுக்கு அது பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அங்கே கெடு 2 ஆண்டு. வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும் விஷயத்தை ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார்.