ஃபோர்க் என்பதற்குத் தமிழில் கவை

ஃபோர்க் என்பது ஒரு மென்பொருளின் மூலநிரலை முழுவதுமாக எடுத்துக்கொண்டு, அது அதுவரை வந்த வழியிலிருந்து விலகித் தனியாக வளர்க்கத் தொடங்குவதைக் குறிக்கும் சொல். அப்படி விலகிப் பிறந்த மென்பொருளையும் அப்பெயராலேயே அழைக்கிறார்கள். தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் நிரல் எழுதுகிற எவரும் ‘ஃபோர்க் பண்ணிட்டேன்’ என்று சொல்லாமல் ஒரு வாரத்தைக் கடத்துவது அரிது. பேச்சில் அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கல்லூரி மாணவருக்குத் தமிழில் ஒரு பாடக்குறிப்பு எழுதும்போதோ, ஒரு செயலியின் பொத்தான்களைத் தமிழாக்கும்போதோ, இந்த ஒரு சொல்லில் எழுதுகோல் நின்றுவிடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் உள்ள ‘ஃபுர்கா’. இரண்டு முனைகளாகப் பிரிந்த கோலுக்கு அது பெயர். ஆங்கிலத்திலும் முதலில் அது வைக்கோல் அள்ளும் களத்துக் கருவியையே குறித்தது. உணவு மேசைக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது பிற்காலத்தில்தான். சாலையோ ஆறோ மரக்கொம்போ இரண்டாகப் பிரியும் இடத்தையும் அதே சொல்லால் குறித்தார்கள். கணினித்துறை எடுத்துக்கொண்டது இந்தப் பொருளைத்தான். மேசைக் கருவிக்கு இதில் வேலையே இல்லை.

கணினிக்குள் அச்சொல் நுழைந்த வழியும் ஒன்றன்று. 1963இல் மெல்வின் கான்வே பல்செயலிக் கணினிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஒரே ஓட்டமாகச் செல்லும் கணிப்பு இரண்டாகப் பிரிந்து ஒரே நேரத்தில் நடைபெறும் இடத்துக்கு இப்பெயரை இட்டார். பின்னர் யூனிக்ஸ் இயங்குதளத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயல் (இயங்கும் நிரல்) தன்னைத்தானே படியெடுத்து இன்னொரு செயலைப் பிறப்பிக்கும் அழைப்புக்கு அது பெயராயிற்று. அந்த அழைப்பில் ஒரு வேடிக்கை உண்டு: ஒரு முறை அழைத்தால் அது இரண்டு முறை விடை தரும். தாய்ச்செயலுக்குச் சேயின் அடையாள எண்ணும், சேய்ச்செயலுக்குச் சுழியமும் கிடைக்கும். இரண்டுக்கும் நிரல் ஒன்றே, அதுவரை வந்த வரலாறும் ஒன்றே. கையில் கிடைத்த விடையைப் பார்த்துத்தான் தான் தாயா சேயா என்பதை ஒவ்வொன்றும் அறிந்துகொள்கிறது.

இன்று பெரும்பாலோர் அறிந்த பொருள், ஒரு மென்பொருள் திட்டமே இரண்டாகப் பிரிவது. கட்டற்ற மென்பொருளின் உரிமங்கள், நிரலைப் படிக்கவும் மாற்றவும் மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் அனைவருக்கும் உரிமை தருகின்றன. ஆகவே ஒரு திட்டத்தை நடத்துகிறவர்களோடு ஒத்துப்போக முடியாதவர்கள், அவர்களிடம் அனுமதி கேட்காமலேயே நிரலை எடுத்துக்கொண்டு தம் வழியில் போகலாம். போகலாம் என்பதற்காக யாரும் எளிதில் போய்விடுவதில்லை. ஆட்களும் உழைப்பும் சிதறும் என்பதால், தொடக்ககால நிரலர்கள் இதை ஒரு குடும்பப் பாகப்பிரிவினையைப் போல வருத்தத்துடனேயே பார்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஈமேக்ஸ் என்னும் உரைதிருத்தியிலிருந்து பிரிந்த எக்ஸ்ஈமேக்ஸ், அத்தகைய கசப்பான பிரிவுக்கு நெடுநாள் எடுத்துக்காட்டாக இருந்தது.

ஆனால் எல்லாப் பிரிவும் கசப்பில் முடிவதில்லை. ஜிசிசி நிரல்மொழிமாற்றியிலிருந்து 1997இல் ஈஜிசிஎஸ் என்ற பெயரில் ஒரு குழு பிரிந்து வேகமாக வளர்ந்தது. பிரிந்த அந்த வடிவமே 1999இல் அதிகாரபூர்வமான ஜிசிசியாக ஏற்கப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட்.ஜேஎஸ் திட்டத்திலிருந்து 2014இன் இறுதியில் பிரிந்த ஐஓ.ஜேஎஸ், மறு ஆண்டே தாய்த்திட்டத்தோடு சேர்ந்துகொண்டது. பிரிந்தவை மீண்டும் சேரலாம் என்பதும் இச்சொல்லின் பொருளுக்குள் அடங்கும். தமிழ்ச்சொல் தேடுகிறவர் இதை மறந்துவிடக் கூடாது.

சென்னையில் பல அலுவலகங்களிலும் வீடுகளிலும் இருக்கும் லிப்ரே ஆஃபிஸின் கதை இன்னும் தெளிவானது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2000இல் தன் அலுவலகத் தொகுப்பின் நிரலைத் திறந்து வெளியிட, ஓப்பன் ஆஃபிஸ் உருவாயிற்று. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. திட்டத்தின் எதிர்காலம் குறித்து ஐயுற்ற பங்களிப்பாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கி, நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். நிரலை எடுத்துக்கொள்ள உரிமம் இடம் தந்தது. பெயரை எடுத்துக்கொள்ள இடம் தரவில்லை, ஏனெனில் பெயர் வணிகக் குறியாக ஆரக்கிளிடம் இருந்தது. பிரிந்த மென்பொருள்கள் பெரும்பாலும் புதுப்பெயரோடு வருவதற்குக் காரணம் இதுதான். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை உருவாக்கிய மைக்கேல் விடேனியஸ் அதற்குத் தம் மூத்த மகள் மையின் பெயரை இட்டிருந்தார். அதுவும் ஆரக்கிளின் கைக்குப் போகவிருந்த 2009இல், அதிலிருந்து பிரித்துத் தொடங்கிய புதிய தரவுத்தளத்துக்கு இளைய மகள் மரியாவின் பெயரை இட்டு மரியாடிபி ஆக்கினார். அண்மையில் 2024இல், ரெடிஸ் என்னும் தரவுத்தளம் தன் உரிமத்தை மாற்றிக்கொண்ட சில நாள்களிலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷனின் ஆதரவில் வால்கீ பிரிந்து வந்தது. இத்தகைய பிரிவுகளை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. உரிமையாளர் வழி தவறினால் பயனர்களுக்கு மிஞ்சியிருக்கும் காப்பு இதுவே என்பது இப்போது பரவலான கருத்து. எனக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது.

நிரலோடு தொடர்பே இல்லாதவர்கள்கூட இத்தகைய பிரிவுகளின் பயனை நாள்தோறும் கையில் வைத்திருக்கிறார்கள். கேடிஇ குழுவினரின் கேஎச்டிஎம்எல் என்னும் உலாவிப் பொறியை எடுத்து ஆப்பிள் வெப்கிட்டை உருவாக்கியது. 2013இல் கூகிள் வெப்கிட்டிலிருந்து பிரிந்து பிளிங்கை அமைத்தது. மின்சார ரயிலில் ஒருவர் பிளிங்கில் இயங்கும் குரோமிலும் பக்கத்தில் இருப்பவர் வெப்கிட்டில் இயங்கும் ஐஃபோனின் சஃபாரியிலும் ஒரே செய்தியைப் படித்துக்கொண்டிருந்தால், அவ்விரண்டின் பொறிகளும் ஒரே இடத்திலிருந்து பிரிந்து வந்தவை.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2008இல் வந்தபின் சொல்லின் தொனியே மாறிவிட்டது. அங்கே ஒரு களஞ்சியத்தை (ஒரு திட்டத்தின் நிரல் முழுவதும் இருக்கும் இடத்தை) ஃபோர்க் செய்வது பெரும்பாலும் பிரிந்து போவதற்காக அன்று, பங்களிப்பதற்காக. பிறருடைய களஞ்சியத்தில் நேரடியாக எழுத நமக்கு உரிமை இல்லாததால், அதன் படி ஒன்றை நம் கணக்கில் உருவாக்கிக்கொண்டு, அதில் திருத்தி, அத்திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு மூலத் திட்டத்தாரிடம் கோரிக்கை வைக்கிறோம். முன்பு முறித்துக்கொள்வதன் பெயராக இருந்தது, இப்போது உறவு தொடங்குவதன் பெயராகியிருக்கிறது. இரண்டு பொருளும் இன்று ஒருசேர வழங்குகின்றன.

பொருளின் எல்லையைக் காட்ட ஓர் உள்ளூர் எடுத்துக்காட்டு உதவும். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம், டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. அதை ஃபோர்க் என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். டெபியனிலிருந்து தொடர்ந்து மென்பொருள் பொதிகளைப் பெற்று, அவற்றின்மேல் இந்திய மொழிகளுக்கு வேண்டியவற்றைச் சேர்த்து வழங்குவதால், அதை வழித்தோன்றல் என்பதே பொருந்தும். பிரிந்து தனிவழி போவது வேறு, ஊற்றிலிருந்து நீர் பெற்றுக்கொண்டே இருப்பது வேறு. 2004இல் டெபியனிலிருந்து தோன்றிய உபுண்டுவுக்கும் இதே விளக்கம் பொருந்தும்.

இனித் தமிழ்ச்சொல். இயந்திர மொழிபெயர்ப்பில் ‘முட்கரண்டி’ என்று வருவதைக் கண்டு சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம்; இரண்டாகப் பிரிதல் என்ற கருத்தின் சாயல்கூட அதில் இல்லை. ‘நகல்’ என்றால் படியெடுத்தல் மட்டுமே தெரிகிறது. அதன்பின் வரும் தனி வளர்ச்சி தெரிவதில்லை. மேலும் களஞ்சியத்தை அப்படியே படியெடுக்கும் குளோன் என்பதற்கு அச்சொல் வேண்டியிருக்கிறது. ‘பிரிவு’ எளிமையானது. ஆனால் அது துறையையும் சட்டப் பிரிவையும் காதலர் பிரிவையும் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது. பங்களிப்பதற்காகப் படியெடுப்பதைப் பிரிவு என்றால் பூசல் நேர்ந்ததாகவே தொனிக்கும். ‘கிளை’ என்று எழுதுவோர் பலர். அதில்தான் உண்மையான குழப்பம் நேர்கிறது. கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவிகளில் பிராஞ்ச் என்பது ஒரே களஞ்சியத்துக்குள் கிளைப்பது. அதற்குக் ‘கிளை’ என்பதே சரியான சொல். கிளை எவ்வளவு நீண்டாலும் அதே மரத்தில்தான் இருக்கும். ஃபோர்க் அந்த மரத்தை விட்டே போய்விடும்.

மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் பொருந்துவது ‘கவை’. மரத்தண்டு ஏறக்குறைய ஒத்த பருமனுள்ள இரண்டாகப் பிளந்து நிற்கும் வடிவத்துக்குத் தமிழில் அதுவே பெயர். முள்வேலி கட்டுவோர் முள்ளைத் தள்ளப் பயன்படுத்தும் கோல் கவைக்கோல். சிறுவர்கள் கல்லெறியும் கவட்டையும் இதே சொற்குடும்பம். மரத்தின் கவடும் இதே குடும்பம். ‘கவைக்கு உதவாத பேச்சு’ என்று பயனற்ற பேச்சைச் சொல்கிறோமே, அங்கும் இந்தக் கவைதான் இருக்கிறது. கவைக்கோலாகக்கூட வெட்டிக்கொள்ள உதவாத மரம் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். ஆகவே இது அகராதிக்குள் தூசி படிந்து கிடக்கும் சொல் அன்று. நாம் பொருள் உணராமல் வாயில் வைத்திருக்கும் சொல்.

கிளைக்கும் கவைக்கும் வேறுபாடு உண்டு என்பதற்குப் பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த மூதுரையே சான்று. ‘கவையாகிக் கொம்பாகிக் காட்டகத்தே நிற்கும்’ என்று ஔவையார் மரத்தைச் சொல்லும்போது கவையை வேறாகவும் கொம்பை வேறாகவும் எண்ணுகிறார். பிரிந்தவை இரண்டும் சமம் என்ற கருத்துக்குக் குறுந்தொகையின் 324ஆம் பாட்டில் வரும் ‘கவைமக’ என்ற தொடர் துணைநிற்கிறது. இரட்டைப் பிள்ளைகள் நஞ்சுண்டால் தாய் எந்தப் பிள்ளைக்காக அஞ்சுவாள்? இரண்டுக்காகவும்தான். அங்கே கவை என்றால் ஒன்று பெரிது, மற்றது அதிலிருந்து முளைத்த சிறிது என்ற ஏற்றத்தாழ்வு இல்லை. யூனிக்ஸின் தாய்ச்செயலும் சேய்ச்செயலும் பிரிந்த நொடியில் இருக்கும் நிலையும், லிப்ரே ஆஃபிஸும் ஓப்பன் ஆஃபிஸும் 2010இல் இருந்த நிலையும் இத்தகையவையே.

இதே வேரிலிருந்து வந்த ‘கவர்’ என்பதையும் ஆராய வேண்டும், ஏனெனில் வழி பிரிவதற்குப் பழந்தமிழ் அதையே வினையாக ஆண்டது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குப் போகும் வழி சிவபெருமானின் சூலம் போல மூன்றாகக் ‘கவர்க்கும்’ என்று கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் சொல்கிறான். (குடமலைப் பக்கத்து மாங்காடு அது; பூந்தமல்லிக்கு அருகில் உள்ள மாங்காடு அன்று.) அழகான ஆட்சிதான். இருந்தாலும் இன்று ‘நிரலைக் கவர்ந்தார்’ என்று எழுதினால் திருடிக்கொண்டு போனதாகவே படிப்பவர் கொள்வார். உரிமத்தின்படி முறையாகச் செய்த செயலுக்கு அந்தப் பழி வேண்டாம். ‘கவலை’ என்பதும் சங்க இலக்கியத்தில் வழிகள் பிரியும் இடத்தைக் குறித்த சொல்தான். மலைபடுகடாத்தில், புதிய நாட்டுக்குள் செல்லும் கூத்தர்களுக்கு, வழிகள் கூடும் சந்தில் பின்வருவோர் திகைக்காதபடி புல்லை முடிந்து அடையாளம் இட்டுப் போகுமாறு அறிவுரை கூறப்படுகிறது. எந்த இடத்தில், எதற்காகப் பிரிந்தோம் என்பதைக் களஞ்சியத்தின் முகப்பில் எழுதிவைக்காத இன்றைய நிரலர்களுக்கும் அந்த அறிவுரை தேவைப்படுகிறது. ஆனால் கவலை என்ற சொல் இன்று மனத்துயருக்கே உரியதாகிவிட்டது. பொத்தானில் ‘கவலை’ என்று எழுதினால் யார் அழுத்துவார்?

ஆகவே பெயர்ச்சொல் கவை. பிரிந்து வந்த மென்பொருளுக்கும் அதுவே. வினைக்குக் ‘கவைபிரித்தல்’ என்று எழுதலாம். தானாக நிகழ்வதைக் குறிக்கக் ‘கவைபிரிதல்’. ‘லிப்ரே ஆஃபிஸ், ஓப்பன் ஆஃபிஸின் கவை’ என்றும், ‘இந்தக் களஞ்சியத்தைக் கவைபிரித்து உங்கள் திருத்தத்தைச் செய்யுங்கள்’ என்றும் வாக்கியங்கள் தடையின்றி அமைகின்றன. பொத்தானில் இடம் போதாவிட்டால் ‘கவை’ என்ற இரண்டெழுத்தே போதும். ஆங்கிலச் சொல்லைவிடக் குறுகியது. எந்தத் திட்டத்திலிருந்து பிரிந்ததோ அதைத் தாய்த்திட்டம் எனலாம்.

பிட்காயின் போன்ற மறையீட்டு நாணயங்களில் வழங்கும் ஹார்ட் ஃபோர்க், சாஃப்ட் ஃபோர்க் என்ற இரண்டுக்கும் வன்கவை, மென்கவை என்று எழுதலாம்; வல்லினம் மெல்லினம் பழகிய நமக்கு அது உறுத்தாது. பழைய விதிப்படி இயங்கும் கணினிகள் புதிய தொகுதிகளை (பரிமாற்றப் பதிவுகளின் கட்டுகளை) ஏற்காமல், அவை கோத்த சங்கிலியே இரண்டாகிவிட இடமளிக்கும் மாற்றம் வன்கவை. 2017 ஆகஸ்டு 1 அன்று பிட்காயினிலிருந்து பிட்காயின் கேஷ் பிரிந்தது அப்படித்தான். விதியை இறுக்கினாலும் பழைய கணினிகள் தொடர்ந்து ஏற்றுக்கொள்ளும் மாற்றம் மென்கவை; அதே மாதம் பிட்காயினில் நடைமுறைக்கு வந்த செக்விட் அதற்குச் சான்று. மென்கவையில் சங்கிலி உண்மையில் இரண்டாகாமலே போகலாம் என்பதால் அதற்குக் கவை என்ற பெயர் சற்று மிகைதான். ஆங்கிலத்திலும் அந்தக் குறை இருக்கிறது, அதைத் தமிழில் மட்டும் தீர்க்க முயன்றால் இரண்டு மொழிகளின் கலைச்சொற்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும்.