கோடு விழவில்லை என்றால் மண் சுத்தமா?

நிலாவெளியில் வெங்காயப் பாத்தி ஓரமாக நின்று, பெரியவர் ஒருவர், மண்ணில் பீடைகொல்லி மருந்து இருக்கிறதா என்று காட்டும் பரிசோதனைப் பட்டையை வெயிலில் தூக்கிப் பார்த்தார். மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒன்றுமில்லை. "கோடு விழேல்ல தம்பி, மண் சுத்தம்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைக் கலைக்க மனமில்லாமல்தான் சொன்னேன்: "ஐயா, கீழ்க்கோடு காணாமல் போனால்தான் மருந்து இருக்கிறது."

பிழை அவருடையதல்ல. கொரோனாக் காலத்தில் இரண்டு கோடு என்றால் தொற்று என்று எல்லோரும் பழகிவிட்டோம். ஆனால் பீடைகொல்லி மூலக்கூறு மிகச் சிறியது. பிறபொருளெதிரி என்பது ஒரு குறிப்பிட்ட பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்; இரண்டு பிறபொருளெதிரிகள் இரு பக்கமும் பிடிக்க அந்த மூலக்கூறில் இடம் போதாது. அதனால் கீழ்க்கோட்டில் அதே மருந்தைப் புரதத்தோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். நிறமேற்றிய பிறபொருளெதிரி நீரோடு ஓடிவந்து அங்கே பிடித்துக்கொண்டால் கோடு சிவக்கும். மண்ணிலேயே மருந்து இருந்தால் பிறபொருளெதிரியின் கை வழியிலேயே நிறைந்துவிடும். கோட்டில் நிற்காமல் போய்விடும்.

இப்போது இதற்கென்றே வடிவமைத்த பிறபொருளெதிரிகள் வருகின்றன. ஒட்டகத்தின் இரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு வகை இருப்பதை பிரசல்ஸ் ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்டார்கள். அதன் பிடிக்கும் நுனியை மட்டும் தனியே எடுத்தால், வழக்கமானதில் பத்திலொரு பங்கு எடைதான். மரபணுவை பக்டீரியாவில் வைத்து வளர்க்கலாம், பிடி இறுகும்படி மாற்றியும் அமைக்கலாம். எனக்குப் பிடித்தது அதன் தாங்குதிறன். மண்ணிலிருந்து மருந்தைப் பிரிக்க மெதனோல் என்ற கரைப்பானை ஊற்றுகிறோம். திருகோணமலை வெயிலோ சொல்லத் தேவையில்லை. சாதாரண பிறபொருளெதிரி இரண்டிலும் சீக்கிரம் உருக்குலையும்.

ஆனாலும் பட்டை கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். குளோர்பைரிபொஸ் என்ற பூச்சிமருந்துக்கான பட்டைக்கு இமிடாகுளோபிரிட் என்ற வேறொரு பூச்சிமருந்து தெரியாது. எரு நிறைந்த மண்ணின் கரிமப் பொருளும் கோட்டை மங்கவைக்கும். ஆகவே மருந்து படாத மண் ஒன்றையும் பக்கத்தில் வைத்தே பார்ப்பேன். கோடு மறைந்தால் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதிசெய்ய வேண்டும்.

சரி, மண்ணை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். கிணற்றடியைக் காட்டினார். மருந்தடிக்கும் டாங்கியைக் கழுவும் இடம் அது. பிறகு பாத்திகளில் பத்து இடத்தில் அரையடி ஆழம் தோண்டி, கலந்து பார்த்தோம். கோடு தெளிவாக விழுந்தது. கிணற்றடி மண்ணில் மறுபடியும் இல்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அங்கே மணல் தரை, ஆழமில்லாத கிணறு. "அப்ப இந்தத் தண்ணியையும் பாக்கலாமா தம்பி?" என்றார். பிளாஸ்டிக் போத்தலில் மருந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே அனுப்பினேன்.